குரூப் 4 தேர்வின் கணக்குப் பகுதி: 25 கேள்விகளுக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் 'திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்' என்றொரு பகுதி உண்டு. படிக்கிறவர்கள் அதைக் 'கணக்கு' என்றே சொல்வார்கள், இங்கும் அப்படியே சொல்கிறோம். இந்தப் பகுதிக்குத் தயாராகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

மொத்தத் தேர்வில் கணக்கின் பங்கு எவ்வளவு?

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுப் பகுதியில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, கணக்கில் 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் கணக்கு மட்டும் 37.5 மதிப்பெண். தரம் பத்தாம் வகுப்பு அளவுதான்.

பொது அறிவில் எவ்வளவு படித்தாலும், படிக்காத இடத்திலிருந்து கேள்வி வரத்தான் செய்யும். கணக்கில் அந்தப் பயம் கிடையாது. வரக்கூடிய கணக்கு வகைகளை எண்ணிவிடலாம். முறையாகப் பயிற்சி எடுத்தால் 25-ல் 22, 23 எடுப்பது சாதாரண மாணவருக்கும் எட்டக்கூடியதே. கணக்கைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்கையே தொடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பாடத்துக்குள் நுழையும் முன் 10 நாள் கைப்பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 12 வரை கனம் ஆகியவை கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். 17-ன் வர்க்கம் 289, 23-ன் வர்க்கம் 529, 9-ன் கனம் 729. இவற்றைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கணக்கிலும் அரை நிமிடம் போய்விடும். தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் பயிற்சியின்போதும் கைப்பேசியை எட்டவே வையுங்கள்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்: சுருக்குதல், விகிதம், விழுக்காடு, தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) மற்றும் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு), காலமும் வேலையும், பரப்பளவு, கனஅளவு. எண் வரிசை, பகடை, எழுத்துப் புதிர்கள் போன்ற காரணவியல் பகுதியைத் தனி நாளில் வைக்காமல், தினமும் கடைசி 15 நிமிடம் போடுங்கள்.

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. விகிதம் கைவந்தால்தான் விழுக்காடு வரும், விழுக்காடு வந்தால்தான் வட்டி வரும். வேலைக் கணக்கை எளிதாக்குவது மீ.பொ.ம. தான். தலைகீழாகத் தொடங்கியவர்கள் பாதியில் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள்.

எந்தப் புத்தகத்தில் போடுவது?

முதலில் 6 முதல் 10 வரையிலான சமச்சீர்ப் பள்ளிக் கணக்குப் புத்தகங்கள். விழுக்காடு, இலாப நட்டம், கூட்டுவட்டி, காலமும் வேலையும் ஆகியவை எட்டாம் வகுப்பின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் ஒன்றாகக் கிடைக்கும். பரப்பு, கனஅளவுக்கு 9, 10-ஆம் வகுப்பு 'அளவியல்' போதும். எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிக் கணக்குகளையும் ஒன்றுவிடாமல் போட்டுவிட்டு, முந்தைய ஆண்டு வினாத்தாள்களுக்கு வாருங்கள். வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணைய இணையதளத்திலேயே இருக்கின்றன. இவை இரண்டையும் முடிக்காமல் தடிமனான கைடு வாங்குவது வீண்.

ஒரு சிறு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு வகுப்புப் புத்தகத்தில் 'மீச்சிறு பொது மடங்கு' மீ.சி.ம. என்றும், இன்னொன்றில் மீ.பொ.ம. என்றும் சுருக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். அதேபோல 'மீப்பெரு பொதுக் காரணி' என்பதும் 'மீப்பெரு பொது வகுத்தி' என்பதும் ஒன்று.

ஒரு நாளைக்கு எத்தனை கணக்குப் போட வேண்டும்?

தினமும் 30 போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 200 கணக்குப் போடுகிறவருக்குக் கை வேகம் வருவதில்லை. முப்பதையும் இப்படிப் பிரிக்கலாம்: அன்றைய பாடத்தில் 15, பழைய பாடங்களைக் கலந்து 10, தவறு நோட்டிலிருந்து (தவறிய கணக்குகளை எழுதிவைக்கும் நோட்டு) 5.

கலந்து போடும் அந்தப் பத்துதான் முக்கியம். கூட்டுவட்டிப் பாடத்தில் உட்கார்ந்து 40 கணக்குப் போடும்போது, எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். தேர்வில் தலைப்பு இருக்காது. கணக்கைப் பார்த்தவுடன் இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது தனித் திறமை, அது கலந்து போட்டால்தான் வரும்.

விடையைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. தனியாகப் போட்டால் வருவதில்லை. ஏன்?

பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, போட்டு முடிப்பது வேறு. வீடியோவில் ஒருவர் போடும்போது முதல் அடியை அவர் எடுத்துவிடுகிறார். உங்களுக்குச் சிக்குவது அந்த முதல் அடியில்தான்.

செய்ய வேண்டியது இதுதான். கணக்கை வாசித்ததும் விடைப்பக்கத்தை மூடிவையுங்கள். கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்று இரண்டே வரியில் எழுதுங்கள். 3 நிமிடம் முயலுங்கள். வரவில்லையென்றால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டு, மீதியை நீங்களே போடுங்கள். முழுத் தீர்வையும் பார்க்க வேண்டிவந்தால் அந்தக் கணக்கு முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். மறுநாள் வெற்றுத்தாளில் அதையே மறுபடி போட்டு விடை வந்தால்தான் முடிந்தது.

விழுக்காட்டில் அடிக்கடி தவறு வருகிறது. எங்கே சறுக்குகிறோம்?

அடிப்படை எது என்பதில்தான் சறுக்கல். 'அ என்பவரின் சம்பளம் ஆ என்பவரைவிட 25% அதிகம். ஆ-வின் சம்பளம் அ-வைவிட எத்தனை விழுக்காடு குறைவு?' 25 என்று உடனே வாயில் வரும். ஆ-வின் சம்பளம் 100 என்றால் அ-வுக்கு 125. குறைவு 25, ஆனால் அது 125-க்குக் குறைவு. 25/125 என்றால் 20%. 'விட' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர் யாரோ அவரே அடிப்படை. இதைப் பென்சிலால் கோடிட்டுப் பழகுங்கள்.

அடுத்தது, தொடர் மாற்றத்தைக் கூட்டிவிடுவது. 10%, பிறகு 20% தள்ளுபடி என்றால் 30% அல்ல. 100 முதலில் 90 ஆகிறது, 90-ல் 20% என்பது 18, மிச்சம் 72. ஆகவே தள்ளுபடி 28%. விலையை 20% ஏற்றிப் பிறகு 20% இறக்கினால் பழைய விலைக்கு வராது, 4% குறைந்து 96-ல் நிற்கும்.

வேகத்துக்குப் பின்ன மதிப்புகளை மனப்பாடம் செய்யுங்கள். 1/3 என்பது 33 1/3%, 1/6 என்பது 16 2/3%, 1/8 என்பது 12 1/2%, 1/9 என்பது 11 1/9%, 1/12 என்பது 8 1/3%. 1,680-ல் 12.5% கேட்டால் 12.5-ஆல் பெருக்க வேண்டாம், 8-ஆல் வகுத்தால் 210.

தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும். 2 ஆண்டுக்கு என்றால் அசலை (வட்டி வீதம்/100)-ன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 8,000 ரூபாய், 5%, 2 ஆண்டு என்றால் 8,000 × 1/400 = 20 ரூபாய். இந்த 20 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலாண்டு வட்டி 400. அந்த 400-க்கு இரண்டாம் ஆண்டில் கிடைக்கும் 5% வட்டிதான் 20. இது புரிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் கணக்குக் கைவிடாது. இதே தொகைக்கு 3 ஆண்டு வித்தியாசம் 61 ரூபாய். நீங்களே ஆண்டு ஆண்டாகப் போட்டுச் சரிபாருங்கள், அதுவே நல்ல பயிற்சி.

மடங்குக் கணக்கில் ஒரு பொறி உண்டு. ஒரு தொகை தனிவட்டியில் 8 ஆண்டில் இரு மடங்கானால், மும்மடங்காக எத்தனை ஆண்டு? 12 என்று குறிப்பவர்கள் ஏராளம். இரு மடங்கு என்றால் வட்டி ஓர் அசல் அளவு சேர்ந்திருக்கிறது, அதற்கு 8 ஆண்டு. மும்மடங்கு என்றால் வட்டி இரண்டு அசல் அளவு, அதற்கு 16 ஆண்டு. கூட்டுவட்டி என்றால் கதையே வேறு: 8 ஆண்டில் 2 மடங்கு, 16 ஆண்டில் 4 மடங்கு, 24 ஆண்டில் 8 மடங்கு.

'அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படுகிறது' என்ற வரி கண்ணில் படாமல் போவதும் வழக்கம். அப்படி இருந்தால் வீதத்தைப் பாதியாக்கிக் காலத்தை இரட்டியுங்கள். 10,000 ரூபாய்க்கு 10% வீதம் ஓராண்டு அரையாண்டு முறையில் வட்டி 1,025. வரியைத் தவறவிட்டவருக்கு 1,000 வரும், விடைகளில் அந்த 1,000-மும் காத்திருக்கும்.

மீ.பொ.வ. எப்போது, மீ.பொ.ம. எப்போது?

விடை, கொடுத்த எண்களைவிடப் பெரியதாக இருக்க வேண்டுமா சிறியதாக இருக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மணிகள் மறுபடி எப்போது ஒன்றாக ஒலிக்கும் என்றால் பெரியது, ஆகவே மீ.பொ.ம. 9, 12, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் மூன்று மணிகள் 180 நிமிடத்தில், அதாவது 3 மணி நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். பாத்திரங்களில் உள்ள பாலை மீதியின்றி அளக்கும் மிகப்பெரிய அளவை எது என்றால் சிறியது, ஆகவே மீ.பொ.வ.

மீதி வரும் கணக்குகள் மூன்று வகை. 6, 8, 12-ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி 5 வரும் மிகச்சிறிய எண்: மீ.பொ.ம. 24, அதோடு 5 கூட்டி 29. (மீதி கொடுத்திருந்தால் 5 என்ற எண்ணே விடையாகவும் இருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 5-ஐ 6-ஆல் வகுத்தாலும் மீதி 5 தான். ஆனால் கேள்வி எதிர்பார்ப்பது 29, விடைகளில் அதுதான் இருக்கும்.)

5, 6, 8-ஆல் வகுத்தால் முறையே 3, 4, 6 மீதி வரும் மிகச்சிறிய எண் என்றால், வகுக்கும் எண்ணுக்கும் மீதிக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 2. மீ.பொ.ம. 120-லிருந்து 2 கழித்தால் 118.

47, 82, 152 ஆகியவற்றை வகுத்தால் ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண் என்றால், எண்களின் வித்தியாசங்களான 35, 70, 105-க்கு மீ.பொ.வ. காண வேண்டும். விடை 35, மீதி 12. வகுத்துச் சரிபார்க்க 10 விநாடிகூட ஆகாது, அதைச் செய்யுங்கள்.

காலமும் வேலையும்: பின்னத்தில் போட்டுத் திணறுகிறேன். வேறு வழி?

மொத்த வேலையை 1 என்று வைக்காமல் நாட்களின் மீ.பொ.ம. ஆக வையுங்கள். அ 12 நாளிலும் ஆ 18 நாளிலும் முடிப்பார்கள் என்றால் வேலை 36 பங்கு. அ ஒரு நாளைக்கு 3 பங்கு, ஆ 2 பங்கு. சேர்ந்தால் 5 பங்கு, எனவே 36/5, அதாவது 7 1/5 நாள். இருவரும் 4 நாள் செய்தபின் அ விலகினால்? 20 பங்கு முடிந்தது, மிச்சம் 16, ஆ தனியாக 8 நாளில் முடிப்பார். பின்னமே எழுதவில்லை பாருங்கள்.

கேள்வி 'மீதி வேலையை முடிக்க எத்தனை நாள்' என்றிருந்தால் 8. 'வேலை முடிய மொத்தம் எத்தனை நாள்' என்றிருந்தால் 12. இந்த வித்தியாசத்தைக் கடைசி வரியை மறுபடி வாசிக்காமல் பிடிக்க முடியாது.

ஆட்கள், மணி, நாள் என்று வந்தால் மூன்றையும் பெருக்குங்கள். 15 பேர் தினம் 8 மணி நேரம் உழைத்து 12 நாளில் முடிப்பதை, 18 பேர் தினம் 10 மணி நேரம் உழைத்தால்? 15 × 8 × 12 = 1,440. அதை 180-ஆல் வகுத்தால் 8 நாள்.

'4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் 20 நாளில் முடிப்பார்கள். 6 ஆண்களும் 11 பெண்களும் சேர்ந்தால்?' இதில் 'அல்லது' என்பதை 'மற்றும்' என்று வாசித்துவிட்டால் கணக்கே முடியாது. 4 ஆண்கள் 6 பெண்களுக்குச் சமம் என்பதால் 6 ஆண்கள் 9 பெண்களுக்குச் சமம். மொத்தம் 20 பெண்கள். 6 × 20 / 20 = 6 நாள்.

பரப்பளவு, கனஅளவில் சூத்திரம் தெரிந்தும் விடை தவறுகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொள்வது, அலகை மாற்றாமல் விடுவது, வளைபரப்பையும் மொத்தப் புறப்பரப்பையும் குழப்புவது. அரைக்கோளத்தின் வளைபரப்பு 2 × பை × ஆரத்தின் வர்க்கம், மொத்தப் பரப்பு 3 × பை × ஆரத்தின் வர்க்கம். கிண்ணத்துக்கு உள்ளே வர்ணம் அடிக்க முதலாவது, திண்ம அரைக்கோளத்துக்கு இரண்டாவது.

அலகுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 70 செ.மீ. ஆரமும் 1 மீட்டர் உயரமும் உள்ள உருளைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்? உயரத்தை 100 செ.மீ. ஆக்கி 22/7 × 4,900 × 100 = 15,40,000 கன செ.மீ. 1,000-ஆல் வகுத்தால் 1,540 லிட்டர். ஆரம் 7-ன் மடங்காக வந்தால் 22/7 போட்டு முதலில் அடித்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள்.

பாதைக் கணக்கில் ஒரே தவறுதான் நடக்கும். 30 மீ. நீளமும் 20 மீ. அகலமும் உள்ள தோட்டத்தின் உட்புறம் சுற்றிலும் 2 மீ. அகலப் பாதை. பாதை இரண்டு பக்கமும் இருப்பதால் நீளத்திலும் அகலத்திலும் 4 கழிய வேண்டும். 600-லிருந்து 26 × 16 = 416 போனால் 184 ச.மீ. 2 மட்டும் கழித்தால் 96 வரும். படம் வரையாமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், 5 விநாடிப் படம் போதும்.

எண் வரிசையில் எதை முதலில் பார்ப்பது?

எண்கள் மெதுவாக ஏறினால் வித்தியாசம், வேகமாக ஏறினால் பெருக்கல் அல்லது வர்க்கம், கனம். ஏறி இறங்கினால் இரண்டு வரிசைகள் பின்னியிருக்கின்றன என்று பொருள்.

1, 2, 6, 15, 31, ? என்பதில் வித்தியாசங்கள் 1, 4, 9, 16. அடுத்தது 25, விடை 56. 7, 26, 63, 124, ? என்பது 8, 27, 64, 125 என்ற கனங்களில் ஒவ்வொன்று குறைவு, விடை 215. 3, 20, 6, 17, 12, 14, 24, ? என்பதில் ஒன்றுவிட்டு ஒன்று பார்த்தால் 20, 17, 14, விடை 11. ஒரு நிமிடத்துக்குள் பிடிபடவில்லையென்றால் குறியிட்டுவிட்டு நகருங்கள். வரிசைக் கணக்கை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

பகடை, எழுத்துக் கணக்குகள்?

பகடையின் இரண்டு படங்களில் பொதுவான முகத்தைத் தேடுங்கள். ஒரு படத்தில் 1, 2, 3, மறுபடத்தில் 1, 4, 5 தெரிந்தால் 1-ஐ ஒட்டி 2, 3, 4, 5 இருக்கின்றன, எதிரே 6. எதிர் முகங்களின் கூடுதல் 7 என்பது சாதாரணப் பகடைக்கு மட்டுமே. படம் வேறு மாதிரி இருந்தால் அதை நம்பாதீர்கள்.

ஆங்கில எழுத்துகளின் இட எண்ணுக்கு ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25 என்ற ஐந்தை நினைவில் வைத்து அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணுங்கள். பின்னாலிருந்து இட எண் வேண்டுமானால் 27-லிருந்து கழியுங்கள்.

ஷார்ட்கட் இல்லாமல் வேகம் வருமா?

ஷார்ட்கட் வேண்டும், ஆனால் முழு முறை தெரிந்தபின். எது எங்கே உடையும் என்று தெரியாத ஷார்ட்கட் ஆபத்து. வயதுக் கணக்கைப் பாருங்கள். இருவர் வயது 4:5, 6 ஆண்டு கழித்து 5:6. ஒரு பங்கு கூடியிருக்கிறது, அது 6 ஆண்டு, ஆகவே வயது 24, 30. சரி. இப்போது மகன், தந்தை வயது 2:5, 10 ஆண்டு கழித்து 1:2. அதே ஷார்ட்கட்டைப் போட்டால் பங்கு கூடுவதற்குப் பதில் குறைகிறது, ஒன்றும் ஓடாது.

இருவர் வயது வித்தியாசம் என்றைக்கும் மாறாது என்பதுதான் அந்த ஷார்ட்கட்டின் உயிர். முதல் விகிதத்தில் வித்தியாசம் 3 பங்கு, இரண்டாவதில் 1 பங்கு. இரண்டாவதை 3-ஆல் பெருக்கி 3:6 ஆக்குங்கள். இப்போது 2 என்பது 3 ஆகியிருக்கிறது, ஒரு பங்கு 10 ஆண்டு, மகனுக்கு 20, தந்தைக்கு 50. காரணம் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே கணக்கு.

விடைகளிலிருந்து பின்னோக்கிப் போடலாமா?

தாராளமாக. மீதி, வயது, எண்ணைக் கண்டுபிடி வகைகளில் விடையைப் போட்டுப் பார்ப்பதே சில சமயம் வேகமானது. பெருக்கல் விடைகளில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 347 × 283 என்றால் 7 × 3 = 21, விடை 1-ல்தான் முடியும். நான்கு விடைகளில் ஒன்று மட்டும் 1-ல் முடிந்தால் பெருக்கவே வேண்டாம். சுருக்குதலில் மட்டும் இந்த வழியை நம்பி வரிசையை மறந்துவிடாதீர்கள். 48 ÷ 8 × 2 என்பது 12. பெருக்கலை முதலில் செய்தவருக்கு 3 வரும், அந்த 3 விடைகளில் இருக்கும்.

தவறு நோட்டு என்கிறீர்களே, அதில் என்ன எழுதுவது?

40 பக்க நோட்டு ஒன்று போதும். தவறிய கணக்கை முழுதாக எழுதி, பக்கத்தில் ஏன் தவறியது என்று ஒரே சொல்லில் குறியுங்கள். நான்கு சொற்கள் போதும்: 'வாசிப்பு', 'கைக்கணக்கு', 'முறை', 'நேரம்'. கேள்வியைத் தவறாக வாசித்தீர்களா, கூட்டல் பெருக்கலில் பிசகினீர்களா, முறையே தெரியவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா.

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். 'முறை' அதிகம் என்றால் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். 'கைக்கணக்கு' அதிகம் என்றால் புதுப் பாடம் படிப்பதில் பயனில்லை, வாய்ப்பாடும் வர்க்கமும் தினம் 10 நிமிடம் எழுத வேண்டும். 'வாசிப்பு' அதிகம் என்றால் கேட்டது என்ன என்ற வரியை அடிக்கோடிடும் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும் 'சில்லி மிஸ்டேக்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறவர் அதே தவறை ஆறு மாதம் செய்துகொண்டிருப்பார். அது சின்னத் தவறு அல்ல, ஒவ்வொன்றும் ஒன்றரை மதிப்பெண்.

நோட்டிலுள்ள கணக்கை 3-ஆம் நாளும் 10-ஆம் நாளும் மறுபடி போடுங்கள். இரண்டு முறையும் சரியாக வந்தால் அடித்துவிடலாம்.

தேர்வறையில் கணக்கை எப்போது போடுவது, எவ்வளவு நேரம்?

180 நிமிடத்தில் கணக்குக்கு 45 நிமிடம் ஒதுக்க முடிய வேண்டும். தமிழுக்கு 60, பொது அறிவுக்கு 55 என்று கட்டுப்படுத்தினால் இது நடக்கும், மீதி 20 நிமிடம் விட்டுப்போனவற்றுக்கும் சரிபார்ப்புக்கும். தமிழை முடித்தவுடன், தலை தெளிவாக இருக்கும்போது கணக்குக்கு வருவது பலருக்கு ஒத்துவரும். எந்த வரிசையானாலும் மாதிரித் தேர்வில் அதையே கடைப்பிடியுங்கள், தேர்வன்று புதிதாக மாற்ற வேண்டாம்.

கணக்கை இரண்டு சுற்றாகப் போடுங்கள். முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிகிறவை மட்டும், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இல்லை. 15, 16 கணக்குகள் இதிலேயே முடிந்துவிடும். மீதியை இரண்டாம் சுற்றில் எடுங்கள். முதல் கணக்கிலேயே 6 நிமிடம் சிக்கிக்கொண்டால் பின்னால் இருக்கும் நான்கு எளிய கணக்குகளைத் தொடவே முடியாது.

ஓ.எம்.ஆர். விடைத்தாளில், வினாத்தாளின் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அதற்கான வட்டங்களை நிரப்புங்கள். 200-ஐயும் கடைசியில் நிரப்பலாம் என்று விட்டால், ஓர் எண் தள்ளிப் போட்டுவிட்டு மொத்தமும் நகர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். தமிழ் வாக்கியத்தில் பொருள் தெளிவில்லையென்றால் ஆங்கில வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விடை தெரியாவிட்டால் விட்டுவிடலாமா?

கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விடக்கூடாது என்பது விதி, விட்டால் மதிப்பெண் குறைக்கப்படும். 'விடை தெரியவில்லை' என்பதற்கென்றே ஐந்தாவது வட்டம் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு விடைகளையாவது நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பதே லாபம். கணக்கில் நீக்குவது எளிது: விட்டத்தை ஆரமாக்கிய விடை எது, 2 மட்டும் கழித்த விடை எது என்று உங்கள் தவறு நோட்டே காட்டிக்கொடுக்கும்.

இதே பயிற்சி வங்கித் தேர்வுக்கு உதவுமா?

பாடம் உதவும், வேகம் போதாது. ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் கணக்குக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 35 விநாடிகூட முழுதாகக் கிடைக்காது, தவறான விடைக்கு கால் பங்கு மதிப்பெண் கழியும். அங்கே எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். குரூப் 2 முதல்நிலைத் தேர்விலும் 25 கணக்குகள் பத்தாம் வகுப்புத் தரத்திலேயே வருவதால், அதற்கு இந்தத் தயாரிப்பு அப்படியே செல்லும்.

கடைசி 10 நாள் என்ன செய்வது?

புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள். தினம் ஒரு பழைய வினாத்தாளின் 25 கணக்குகளை 40 நிமிடம் வைத்துப் போடுங்கள், தேர்வு நடக்கும் காலை நேரத்திலேயே. மாலையில் தவறு நோட்டில் அடிக்காமல் மிச்சமிருக்கும் கணக்குகள். தேர்வுக்கு முந்தைய நாள் பின்ன மதிப்புகள், வர்க்கங்கள், அளவியல் சூத்திரங்கள் ஆகியவற்றை வெற்றுத்தாளில் பார்க்காமல் ஒருமுறை எழுதி, விட்டுப்போனதை மட்டும் திருத்திவிட்டுக் கருப்பு மை பந்துமுனைப் பேனாவையும் நுழைவுச்சீட்டையும் பையில் எடுத்துவையுங்கள்.